ஆப்ஸிடியனில் தமிழ்க் குறிப்புகள்: எந்தத் தீம், எந்த எழுத்துரு, வரி உயரம் எவ்வளவு?

அல்சூர்_ஏரிக்கரை | திங்கள், இரவு 9:12

வணக்கம். பெங்களூருவில் உள்ள தமிழ்க் கல்வெட்டுகளைப் பற்றிக் குறிப்பு சேர்த்துவருகிறேன். டொம்ளூர் சொக்கநாதர் கோயில், மடிவாளா சோமேஸ்வரர் கோயில் என்று விடுமுறை நாட்களில் போய்ப் பார்ப்பேன், அச்சில் வந்த பாடத்தோடு ஒப்பிடுவேன், வீட்டுக்கு வந்து தட்டச்சு செய்வேன். எல்லாமே மார்க்டவுனில் (தலைப்பு, தடித்த எழுத்து போன்றவற்றை எளிய குறிகளால் காட்டும் முறை) எழுதிய வெறும் உரைக்கோப்புகள். நாளைக்கு எந்த மென்பொருள் நின்றுபோனாலும் கோப்பு என்னிடம் இருக்க வேண்டும், எதில் வேண்டுமானாலும் திறக்க வேண்டும். எழுதுவதற்கு இப்போது ஆப்ஸிடியன் என்ற குறிப்பெடுக்கும் மென்பொருள் வைத்திருக்கிறேன்.

சிக்கல் தோற்றத்தில். தீம் பட்டியலில் ஆங்கில மாதிரியோடு பார்க்கும்போது அழகாக இருப்பது, என் கோப்பைத் திறந்ததும் குலைந்துபோகிறது. மேல்வரியில் உள்ள ‘கூ’வும் ‘ழு’வும் கீழே இறங்கி அடுத்த வரியின் புள்ளியில் முட்டுகின்றன. தடித்த எழுத்தில் ‘ணை’, ‘ஞ’ போன்றவற்றின் சுழி அடைத்துக் கறுப்பாகிவிடுகிறது. சாய்வெழுத்து என்று போட்டால் தமிழ் பார்க்கவே சகிக்கவில்லை.

என் ஒரே குறிப்பில் கல்வெட்டின் பாடம் வரும், அதற்கு என் விளக்கம் வரும், பழைய பதிப்புகளிலிருந்து எடுத்த ஆங்கில வரிகள் வரும், இடப்பெயர்கள் கன்னட எழுத்தில் வரும். இவை ஒன்றோடொன்று கலக்காமல் பார்த்த உடனே பிரிந்து தெரிய வேண்டும். எந்தத் தீம் போடலாம்?


வரியுயரம் | திங்கள், இரவு 10:05

தீம் தேர்வைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். முதலில் எழுத்துரு, அடுத்து வரி உயரம், பிறகு தடிமன். நிறமெல்லாம் அதற்கு அப்புறம்தான். இந்திராநகரில் இடைமுக வடிவமைப்பு வேலையில் இருக்கிறேன், இந்திய மொழித் திரைகள்தான் என் அன்றாடம். இந்த வரிசையை மாற்றினால் வேலை இரட்டிப்பாகும் என்பதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

நீங்கள் சொன்ன முட்டல் வரி உயரத்தால் வருவது. ஆப்ஸிடியனின் இயல்பான வரி உயரம் 1.5. ஆங்கிலத்துக்கு அது தாராளம். தமிழில் ஒரே வரியில் மேலே புள்ளியும் ‘கீ’யின் சுழியும் வரும், கீழே ‘நூ’, ‘ரு’, ‘ழு’ இவற்றின் வால் வரும். 1.75 வைத்துப் பாருங்கள். கன்னடம் கலந்து எழுதுவதால் உங்களுக்கு 1.8கூடத் தேவைப்படலாம், ஏனென்றால் கன்னட ஒத்தெழுத்துகள் அடிக்கோட்டுக்குக் கீழே தொங்கும். தலைப்புகளைத் தனியாகப் பார்க்க வேண்டும். முதல் நிலைத் தலைப்புக்கு ஆப்ஸிடியன் வைத்திருப்பது 1.2. தலைப்பு ஒரே வரியில் முடிந்தால் தெரியாது, இரண்டாவது வரிக்குப் போனதும் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அதை 1.45 ஆக்கிவிடுங்கள்.

இதற்குத் தீம் எதுவும் தேவையில்லை. அமைப்புகளில் ‘அப்பியரன்ஸ்’ பக்கத்தின் அடியில் ‘சிஎஸ்எஸ் ஸ்னிப்பெட்ஸ்’ என்று ஒரு பகுதி இருக்கும். சிஎஸ்எஸ் என்பது தோற்றத்தைச் சொல்லும் விதிகள், ஸ்னிப்பெட் அவற்றை எழுதிய சிறு கோப்பு. அங்கேயுள்ள ஃபோல்டர் பொத்தானை அழுத்தினால், உங்கள் வால்ட்டுக்குள் (குறிப்புகள் இருக்கும் ஃபோல்டர்) மறைந்திருக்கும் அமைப்பு ஃபோல்டரின் ‘ஸ்னிப்பெட்ஸ்’ திறக்கும். அதில் ஒரு சிஎஸ்எஸ் கோப்பைப் போட்டு, திரும்ப வந்து சுவிட்சைப் போடுங்கள். அதன்பின் கோப்பைச் சேமிக்கும்போதெல்லாம் திரையில் உடனே மாறும். முதல் வரியாக ‘பாடி’க்குள் ‘லைன்-ஹைட்-நார்மல்’ மாறிக்கு 1.75 கொடுங்கள். தலைப்புகளுக்கு ‘எச்1-லைன்-ஹைட்’, ‘எச்2-லைன்-ஹைட்’ என்று தனித்தனி மாறிகள் உண்டு.

எழுத்துரு பற்றி: ஆங்கில எழுத்துரு மட்டும் தேர்ந்தெடுத்திருந்தால், தமிழ் எழுத்து வரும் இடத்தில் கணினி தானாக ஒன்றைப் பிடித்துப் போடும். விண்டோஸில் பெரும்பாலும் நிர்மலா யூஐ, லினக்ஸில் எது நிறுவியிருக்கிறதோ அது. அதனால்தான் ஒரே கோப்பு வீட்டில் ஒரு மாதிரியும் அலுவலகத்தில் வேறு மாதிரியும் தெரிகிறது. தமிழ் எழுத்துருவைப் பெயர் சொல்லி வையுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் பாதுகாப்பான தேர்வு. மும்பையில் இருக்கும் எக் டைப் குழுவின் முக்த மலர், அனேக் தமிழ் இரண்டும் திரையில் நன்றாக இருக்கின்றன. அனேக் 2022இல் வந்தது. ஒரே கோப்பில் தடிமனையும் அகலத்தையும் வேண்டிய அளவுக்கு மாற்றிக்கொள்ளலாம். எல்லாமே இலவசம், திறந்த உரிமம்.

உங்கள் தடித்த எழுத்து கறுத்துப்போவதற்கும் காரணம் இங்கேதான் இருக்க வேண்டும். எழுத்துருவில் உண்மையான தடித்த வடிவம் இல்லையென்றால், நிரல் சாதாரண எழுத்தையே கொஞ்சம் ஊதி வரைந்துவிடும். தமிழ்ச் சுழிகள் அதைத் தாங்காது. பல எடைகள் உள்ள எழுத்துருவாக எடுத்து, ‘போல்டு-வெயிட்’ மாறியில் 600 வையுங்கள், 700 வரை போக வேண்டாம். சாய்வெழுத்தும் அப்படித்தான். தமிழ் அச்சு மரபில் சாய்வெழுத்துக்கு என்று தனி வடிவம் வளரவில்லை, திரையில் நீங்கள் பார்ப்பது நிரல் வலிந்து சாய்த்தது. ‘ஃபான்ட்-சிந்தெசிஸ்’ என்ற பண்புக்கு ‘நன்’ கொடுத்து இரண்டு போலி வடிவத்தையும் நிறுத்திவிடலாம். சாய்வுக்குப் பதிலாக நிறம் கொடுங்கள், ‘இட்டாலிக்-கலர்’ என்று மாறியே இருக்கிறது.

இன்னொன்று. நவீனமாகத் தெரியட்டும் என்று சில தீம்கள் தலைப்புகளில் எழுத்து இடைவெளியைச் சுழியத்துக்குக் கீழே இறக்கியிருக்கும். ஆங்கிலத்தில் இறுக்கமாகத் தெரிவது தமிழில் ஒட்டிக்கொள்ளும். அதைச் சுழியமாக்குங்கள்.


வெறும்_நோட்பேட் | திங்கள், இரவு 10:48

வேறு கருத்து சொல்ல அனுமதியுங்கள். உரைக்கோப்பின் பெருமையே அதற்கு எந்த அலங்காரமும் தேவையில்லை என்பதுதான். ஆண்டுக்கணக்கில் நோட்பேடில்தான் எழுதுகிறேன். நிர்மலா, 14 புள்ளி, முடிந்தது. தோற்றத்தில் கை வைத்தால் அது வளர்ந்துகொண்டே போகும். இன்று வரி உயரம், நாளை தலைப்பின் நிறம், அப்புறம் பக்கப்பட்டையின் ஐகான். கல்வெட்டைப் படிக்க வேண்டிய நேரம் இதில் கரையும்.

தவிர, இவை நிலையானவையும் அல்ல. 2022 அக்டோபரில் ஆப்ஸிடியன் 1.0 வந்தபோது உள்ளமைப்பை முழுக்க மாற்றினார்கள், பழைய தீம்கள் பல உடைந்தன. அதற்காக உழைத்தவர்கள் திரும்ப உட்கார்ந்து எழுத வேண்டியிருந்தது. அல்சூர் நண்பர் கோப்பு நிலைக்க வேண்டும் என்கிறார். அப்படியென்றால் நிலைக்காத ஒன்றில் ஏன் உழைக்க வேண்டும்?


அல்சூர்_ஏரிக்கரை | திங்கள், இரவு 11:20

@வரியுயரம் அக்கா, மிக்க நன்றி. 1.8 வைத்தேன், முட்டல் போய்விட்டது. முக்த மலரும் இறக்கியாயிற்று.

@வெறும்_நோட்பேட், உங்கள் கவலை நியாயமானது. ஆனால் எனக்கு இது அலங்காரம் இல்லை. படிப்பது சரியா தவறா என்பதே எழுத்துருவில் இருக்கிறது.

கல்வெட்டில் புள்ளி பெரும்பாலும் இருக்காது. எகரமும் ஏகாரமும் ஒன்றுபோல் இருக்கும். ‘ர’வும் நெடிலுக்கான காலும் ஒரே கோடாக இருக்கும். இடத்தைப் பார்த்துத்தான் எது எது என்று முடிவுசெய்வார்கள். அப்படி முடிவுசெய்து நான் தட்டச்சு செய்யும்போது, திரையிலும் ‘ர’வும் ‘ா’வும் ஏறக்குறைய ஒன்றாகத் தெரிந்தால் என் உழைப்பு எங்கே போனது? சில எழுத்துருக்களில் ‘ர’வின் கீழ்க்கால் அவ்வளவு சிறியது.

இதைவிடப் பெரிய தொல்லை எண்கள். நிலத்தின் அளவு, காசு, ஆட்சியாண்டு எல்லாம் தமிழ் எண்களில் வரும். ‘௧’ என்பது ‘க’ போல, ‘௨’ என்பது ‘உ’ போல, ‘௭’ என்பது ‘எ’ போல, ‘௮’ என்பது ‘அ’ போல. பல எழுத்துருக்களில் வித்தியாசமே தெரியாது. தட்டச்சில் ‘க’ அடித்துவிட்டு எண் என்று நினைத்துக்கொண்டால் பிறகு தேடினாலும் கிடைக்காது. கோப்பில் இரண்டும் வேறு வேறு குறியீடு, கண்ணுக்கு ஒன்று. இதற்கு வழி இருக்கிறதா? எண்ணுக்கு மட்டும் வேறு நிறம் கொடுக்க முடிந்தால்கூடப் போதும்.


வரியுயரம் | செவ்வாய், காலை 7:40

எண்ணுக்கு மட்டும் நிறம் கொடுக்கச் சிஎஸ்எஸ்ஸில் நேரடி வழி இல்லை. எண்ணுக்கு மட்டும் வேறு எழுத்துரு கொடுக்கலாம், அது உங்களுக்கு இன்னும் நல்லது.

‘ஃபான்ட்-ஃபேஸ்’ என்ற விதியில் நீங்களே ஓர் எழுத்துருக் குடும்பத்துக்குப் பெயர் வைத்துக்கொள்ளலாம். உதாரணமாக ‘கல்லெண்’. அதற்கு மூலமாக உங்கள் கணினியில் நிறுவியிருக்கும் நோட்டோ செரிஃப் தமிழின் தடித்த வடிவத்தை ‘லோக்கல்’ என்று குறிப்பிடுங்கள். கூடவே ‘யூனிகோட்-ரேஞ்ச்’ என்ற வரியில் ௦ முதல் ௲ வரை உள்ள எழுத்துகளின் குறியீட்டு எல்லையை மட்டும் கொடுங்கள். யூனிகோடின் தமிழ்த் தொகுதியில் அவை அடுத்தடுத்து 13 இடங்களில் இருக்கின்றன: பத்து இலக்கங்கள், பத்து, நூறு, ஆயிரம். இனி அந்தப் பதின்மூன்றுக்கு மட்டும் ‘கல்லெண்’ வேலை செய்யும், மற்ற எழுத்துகளைத் தொடாது. உரை முழுக்க மெல்லிய முக்த மலர், எண் மட்டும் தடித்த செரிஃப். தவறாக ‘க’ அடித்திருந்தால் அது மெல்லியதாகவே நிற்கும், கண்ணில் உடனே படும்.

இதே முறையில் தமிழ்த் தொகுதி முழுவதற்கும் ‘என்தமிழ்’ என்று இன்னொரு குடும்பம், கன்னடத்துக்கு ஒன்று. பிறகு ‘ஃபான்ட்-டெக்ஸ்ட்-தீம்’ மாறியில் வரிசையாக அடுக்குங்கள்: கல்லெண், என்தமிழ், என்கன்னடம், கடைசியில் ஆங்கில எழுத்துரு. இடமிருந்து வலமாக எது பொருந்துகிறதோ அதை எடுத்துக்கொள்ளும். இதைச் செய்யும்போது ‘அப்பியரன்ஸ்’ பக்கத்தில் ‘டெக்ஸ்ட் ஃபான்ட்’ காலியாக இருக்கட்டும். அங்கே கொடுப்பது தீமுக்கும் ஸ்னிப்பெட்டுக்கும் மேலே போய் உட்காரும்.

‘என்தமிழ்’ விதியிலேயே ‘சைஸ்-அட்ஜஸ்ட்’ என்று ஒன்று சேர்த்து 93 சதவீதம் கொடுங்கள். ஒரே அளவில் வைத்தால் ஆங்கிலச் சிற்றெழுத்துக்குப் பக்கத்தில் தமிழ் பெரிதாகவும் அகலமாகவும் தெரியும், இது அந்த உறுத்தலைச் சரிசெய்யும். எழுத்துருவுக்கு எழுத்துரு அளவு மாறும். 90க்கும் 96க்கும் இடையில் நீங்களே கண்ணால் பார்த்து நிறுத்துங்கள்.

ஓர் எச்சரிக்கை. எல்லையைப் பிரிக்கும்போது உயிர்மெய் எழுத்தையும் அதன் குறியையும் வெவ்வேறு எழுத்துருவுக்கு அனுப்பிவிடாதீர்கள். ‘க’ ஒரு குடும்பத்திலும் ‘ெ’ இன்னொன்றிலும் போனால் இரண்டும் சேராது, புள்ளி வட்டம்தான் வரும். எண்கள் தனியாக நிற்பவை, அதனால் அவற்றைப் பிரிப்பதில் ஆபத்து இல்லை.

‘ர’வும் காலும் பற்றிச் சொன்னீர்கள். எழுத்துருவைத் தேர்ந்தெடுக்க நான் வைத்திருக்கும் சோதனை வரியை எடுத்துக்கொள்ளுங்கள்: ‘ராரர பாரா தாரார கரகா ௧க ௨உ ௭எ’. இதை 16 பிக்செலில் போட்டுக் கை நீட்டும் தூரத்தில் படியுங்கள். தடுமாறினால் அந்த எழுத்துரு உங்கள் வேலைக்கு வேண்டாம்.


மங்கலான_திரை | செவ்வாய், காலை 9:15

ஓய்வுபெற்றவன், வயது அறுபதைத் தாண்டியாயிற்று. என் மடிக்கணினி 1366-க்கு 768 பிக்செல் திரை. வடிவமைப்பாளர்கள் பெரிய கூர்மையான திரையில் செய்வதை நாங்கள் இதில் பார்க்கிறோம். அதனால் நிறத்தைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் இருக்கிறது.

தீம்களில் என்னை மிகவும் வருத்துவது சாம்பல் எழுத்து. அடிக்குறிப்பு, மேற்கோள், தேதி எல்லாவற்றையும் வெளிறிய சாம்பலில் வைக்கிறார்கள். இதற்கு அளவுகோல் உண்டு. வலைத்தளங்களுக்கான அணுகல் வழிகாட்டு நெறிகளின்படி சாதாரண உரைக்கும் பின்னணிக்கும் இடையே ஒளிர்வு விகிதம் குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும். உயர்நிலைக்கு 7-க்கு 1. வெள்ளைப் பின்னணியில் #767676 என்ற சாம்பல் அந்த 4.5-ஐத் தொட்டு நிற்கும், அதைவிட வெளிறினால் தோல்வி. #595959 வைத்தால் 7 கிடைக்கும். அந்த அளவுகோல் எல்லா மொழிக்கும் பொது. தமிழில் ஓர் எழுத்துக்குள்ளேயே இத்தனை வளைவும் சுழியும் இருப்பதால், என் போன்ற கண்ணுக்கு 4.5 போதவில்லை. என் உரை #222222, துணைக்குறிப்புகள் #595959. அதைவிட வெளிறிய எதையும் கோப்பில் விடுவதில்லை.

கறுப்புப் பின்னணி எனக்கு ஒத்துவரவில்லை. வெள்ளை எழுத்து ஓரங்களில் கசிவதுபோல் தெரிகிறது, ‘ண’வும் ‘ன’வும் குழம்புகின்றன. இளைஞர்களுக்கு வசதியாக இருக்கலாம். இருட்டில்தான் வேலை என்றால் முழுக்கறுப்பும் முழுவெள்ளையும் வேண்டாம், #181818 மேல் #d என்று தொடங்கும் இளஞ்சாம்பல் வைத்துப் பாருங்கள்.

இதுபோன்ற பழைய திரையில் 16 பிக்செலுக்குக் கீழே தமிழ் போகவே கூடாது. எனக்கு 19.


வெறும்_நோட்பேட் | செவ்வாய், காலை 10:02

@அல்சூர்_ஏரிக்கரை, எண் பற்றிய உங்கள் பதிலைப் படித்தேன். அது உண்மையான தேவை, ஒப்புக்கொள்கிறேன். நோட்பேடில் ‘௧’வும் ‘க’வும் எனக்கும் ஒன்றாகத்தான் தெரிகின்றன. ஆனால் ஒரு எல்லை வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் கேட்பேன். படிப்பதில் பிழை வருகிறதா, அதைச் சரிசெய்யுங்கள். பிழை வராத இடத்தைத் தொடாதீர்கள். ஸ்னிப்பெட் ஒரு திரைக்குள் அடங்கட்டும். அப்படியிருந்தால் நாளை உள்ளமைப்பு மாறினாலும் ஒரு மாலையில் திருத்திவிடலாம்.


ஈமேக்ஸ்_எஜிபுரா | செவ்வாய், மதியம் 1:30

ஈமேக்ஸ் என்ற எடிட்டரில், அதன் குறிப்பெழுதும் வசதியான ஆர்க் மோடில் எழுதுபவர்களும் இங்கே இருப்பார்கள், அவர்களுக்காக.

2020இல் வந்த 27.1 பதிப்பிலிருந்து ஈமேக்ஸ் ஹார்ஃப்பஸ் என்ற நிரலகம் கொண்டு எழுத்துகளைக் கோக்கிறது. அதற்குப் பிறகு தமிழ் அதில் நன்றாகவே தெரிகிறது. பழைய பதிப்பில் பார்த்துவிட்டு விலகியவர்கள் திரும்ப முயன்று பாருங்கள். ஆனால் டெர்மினலுக்குள் வேண்டாம், தனிச் சாளரமாகத் திறங்கள். டெர்மினல் ஒவ்வொரு எழுத்தையும் சம அகலக் கட்டத்துக்குள் அடைக்கப் பார்க்கும். ‘ணௌ’வுக்கும் ‘ர’வுக்கும் ஒரே அகலம் என்றால் தமிழ் என்ன ஆகும்? விம்மில் எழுதும் என் நண்பர்கள் தமிழ்க் கோப்புக்கு மட்டும் வேறு எடிட்டரைத் திறப்பது இதனால்தான்.

‘செட்-ஃபான்ட்செட்-ஃபான்ட்’ என்ற கட்டளையில் தமிழ் என்ற வரிவடிவத்துக்கு நேராக எழுத்துருவின் பெயரைக் கொடுத்தால் போதும். அளவைக் குறைக்க ‘ஃபேஸ்-ஃபான்ட்-ரீஸ்கேல்-அலிஸ்ட்’, வரிகளுக்கு இடையில் ‘லைன்-ஸ்பேசிங்’ 0.3. நிறத்துக்கு மோடஸ் தீம்கள். ஈமேக்ஸ் 28-லிருந்து கூடவே வருகின்றன, தனியாக நிறுவ வேண்டாம். மேலே ஐயா சொன்ன 7-க்கு 1 என்ற விகிதத்தை இலக்காக வைத்துச் செய்தவை, வெளிச்சத்துக்கும் உண்டு, இருட்டுக்கும் உண்டு. என் கண்ணுக்கு அவற்றைவிட இதமானது இதுவரை கிடைக்கவில்லை.

அட்டவணை ஒரு தொல்லை. ஆர்க் அட்டவணைகள் எழுத்து எண்ணிக்கையை வைத்துச் செங்குத்துக் கோட்டை நேர்ப்படுத்தும். தமிழில் அது கோணலாகும், எந்தச் சம அகல எழுத்துரு போட்டாலும் தமிழ்ப் பகுதி வேறு எழுத்துருவுக்குத்தான் போகும். ‘விஅலைன்’ என்ற சேர்க்கை பிக்செல் கணக்கில் நேர்ப்படுத்தும், கோப்பில் ஒன்றும் மாற்றாது.

அப்புறம் தடித்த எழுத்துக் குறிகளை மறைத்துவைப்பவர்களுக்கு: நாம் சொல்லோடு வேற்றுமை உருபை ஒட்டி எழுதுகிறோம். ‘நிலம்’ என்பதை மட்டும் நட்சத்திரக் குறிக்குள் போட்டு, இடைவெளி இல்லாமல் ‘தான்’ சேர்த்தால் ஆர்க் அதைத் தடித்ததாக எடுத்துக்கொள்ளாது, குறி அப்படியே நிற்கும். நடுவில் ஓர் அகலமற்ற இடைவெளி நுழைக்க வேண்டும். மார்க்டவுனில் நட்சத்திரக் குறி போட்டால் இந்தச் சிக்கல் இல்லை, அடிக்கோட்டுக் குறி போட்டால் அங்கேயும் உண்டு. ஆகவே தமிழில் எழுதுபவர்கள் நட்சத்திரத்தையே பழகிக்கொள்வது நல்லது.


பர்ப்பிள்_லைன் | செவ்வாய், மாலை 6:55

நான் குறிப்புகளைப் பெரும்பாலும் கைப்பேசியில்தான் படிக்கிறேன், ஒயிட்ஃபீல்டிலிருந்து மெஜஸ்டிக் வரை தினம் மெட்ரோ. எம்.ஜி. ரோடு வரை மேம்பாலத்தில் வெயில் திரையில் அடிக்கும், கப்பன் பார்க்கில் சுரங்கத்துக்குள் போய்விடும். இதில் எந்த நிறமும் முழுக்கச் சரியாக இருப்பதில்லை, ஆனால் வெளிச்ச தீமில் அடர்ந்த எழுத்து இரண்டு இடத்திலும் படிக்க முடிகிறது.

கேள்வி இதுதான். கணினியில் போட்ட ஸ்னிப்பெட் கைப்பேசியிலும் வருமா? வால்ட்டை ஒத்திசைக்கிறேன், ஆனால் அங்கே எழுத்துரு நிறுவ முடியாதே. இன்னொன்று, 1.8 வரி உயரம் கைப்பேசியில் அதிகமாகத் தெரிகிறது.


வரியுயரம் | செவ்வாய், இரவு 9:30

வரும். ஸ்னிப்பெட் மறைந்த அமைப்பு ஃபோல்டருக்குள் இருப்பதால், நீங்கள் ஒத்திசைக்கும் முறை மறைந்த ஃபோல்டர்களையும் எடுத்துச் செல்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

எழுத்துருவுக்கு: வோஃப்2 என்ற சுருக்கிய வடிவத்தில் உள்ள எழுத்துருக் கோப்பை பேஸ்64 என்ற வெறும் எழுத்து வரிசையாக மாற்றி, ‘ஃபான்ட்-ஃபேஸ்’ விதிக்குள்ளேயே ஒட்டிவிடலாம். ‘லோக்கல்’ என்ற இடத்தில் இது வரும். கைப்பேசியில் எதையும் நிறுவ வேண்டியதில்லை. தமிழில் எழுத்துகளின் எண்ணிக்கை குறைவு என்பதால் ஓர் எடைக்குச் சில பத்து கிலோபைட்டுகள்தான் வரும். சாதாரணம் ஒன்று, அரைத்தடிமன் ஒன்று, இரண்டோடு நிறுத்துங்கள். இந்த நீண்ட வரிகளைத் தனி ஸ்னிப்பெட் கோப்பில் வையுங்கள். வரி உயரம் மாற்றத் திறக்கும்போது அவை குறுக்கே நிற்க வேண்டாம்.

கைப்பேசிக்கு வேறு தோற்றம் வேண்டுமென்றால், ‘ஃபைல்ஸ் அண்ட் லிங்க்ஸ்’ அமைப்பில் அந்தக் கருவிக்கு மட்டும் வேறு அமைப்பு ஃபோல்டர் வைத்துக்கொள்ளும் வசதி உண்டு. புள்ளியில் தொடங்கும் பெயராக இருக்க வேண்டும். ஆனால் அப்போது எல்லா அமைப்புகளையும் இரண்டு இடத்தில் பராமரிக்க வேண்டிவரும். உங்கள் தேவை ஒரே ஒரு எண்தான் என்பதால், திரை அகலம் குறைவாக இருந்தால் 1.65 என்று ஒரு ‘மீடியா’ நிபந்தனை போட்டால் போதும். வரி குட்டையாக இருக்கும்போது கண் அடுத்த வரியை எளிதில் பிடித்துவிடும், அதனால் உயரம் குறைந்தாலும் பரவாயில்லை. கணினியில் நீண்ட வரிக்குத்தான் 1.75 தேவை.

வரி நீளம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எடிட்டர் அமைப்பில் ‘ரீடபிள் லைன் லெங்த்’ போட்டால் வரி 700 பிக்செலில் நிற்கும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, ‘நிலக்கொடையளித்ததாகக்’ போன்ற ஒரு சொல்லே வரியில் நிறைய இடத்தைப் பிடிக்கும். எழுத்தின் அளவை 19 ஆக்கிவிட்டு 700-லேயே இருந்தால் வலப்பக்கம் பல்வரிசை கலைந்ததுபோல் ஆகும். ‘ஃபைல்-லைன்-விட்த்’ மாறியை 820 வரை ஏற்றுங்கள். இருபக்கமும் சமப்படுத்த மட்டும் போகாதீர்கள், சொற்களுக்கு நடுவில் பள்ளம் விழும்.


அல்சூர்_ஏரிக்கரை | புதன், இரவு 8:20

கல்லெண் வேலை செய்கிறது! மடிவாளா குறிப்பைத் திறந்ததும் எண்களெல்லாம் தடித்து எழுந்து நின்றன. அதே பார்வையில் ஓர் ஆட்சியாண்டில் ‘உ’ என்ற எழுத்து எண் வேடத்தில் மெல்லியதாக நின்றதும் தெரிந்தது. அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

இன்னும் இரண்டு சந்தேகம். பின்னங்கள். நில அளவில் மா, காணி, முந்திரி வரும். அவற்றின் பழைய குறிகள் என் திரையில் வெற்றுக் கட்டமாக வருகின்றன. இரண்டாவது, கல்வெட்டுப் பாடத்தை என் விளக்கத்திலிருந்து பிரித்துக் காட்ட வேண்டும், வரி முறிவு கல்லில் உள்ளபடியே இருக்க வேண்டும். ஆனால் அதற்காகக் கோப்பில் எச்டிஎம்எல் குறிகளைக் கொட்ட மனமில்லை.


வரியுயரம் | புதன், இரவு 9:05

பின்னக் குறிகள் யூனிகோடில் ‘தமிழ் சப்ளிமென்ட்’ என்ற தனித் தொகுதியில் இருக்கின்றன. 2019இல் 12.0 பதிப்பில்தான் சேர்ந்தன. 1/320 முந்திரி, 1/80 காணி, 1/20 மா எல்லாம் அங்கே உண்டு. வழக்கமான தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் அவை இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமென்ட் என்று தனி எழுத்துரு இருக்கிறது, இறக்கி எழுத்துரு வரிசையில் சேர்த்துவிடுங்கள், கட்டங்கள் மறையும். வடமொழிப் பகுதிகளைக் கிரந்தத்திலேயே எழுதுவதாக இருந்தால் அதற்கும் நோட்டோவில் எழுத்துரு உண்டு.

கல்வெட்டுப் பாடத்துக்கு ‘கால்அவுட்’ என்ற தனிப்பெட்டி பயன்படுத்துங்கள். மேற்கோள் குறி போட்டு, முதல் வரியில் சதுர அடைப்புக்குள் வியப்புக்குறியும் ‘கல்வெட்டு’ என்ற பெயரும். அதற்குக் கீழே பாடத்தை வரி வரியாக, ஒவ்வொன்றின் முன்னும் மேற்கோள் குறியோடு. ‘ஸ்ட்ரிக்ட் லைன் பிரேக்ஸ்’ அணைந்திருந்தால் வரி முறிவு அப்படியே நிற்கும், இயல்பாக அது அணைந்துதான் இருக்கும். ஸ்னிப்பெட்டில் ‘கல்வெட்டு’ என்ற கால்அவுட்டுக்கு மட்டும் நோட்டோ செரிஃப் தமிழ், வெளிர் மண்நிறப் பின்னணி, வரி உயரம் 2. நோட்பேடில் திறந்தாலும் அது மேற்கோளாகவும், மேலே ‘கல்வெட்டு’ என்ற சொல்லாகவும் தெரியும். பொருள் எதுவும் தொலையாது.


வெறும்_நோட்பேட் | புதன், இரவு 9:40

இந்தக் கால்அவுட் முறை எனக்குப் பிடித்திருக்கிறது. நோட்பேடில் திறந்து பார்த்தேன், எது கல்வெட்டு, எது விளக்கம் என்பது ஸ்னிப்பெட் இல்லாமலே தெரிகிறது. அல்சூர் நண்பரே, ஸ்னிப்பெட் கோப்பையும் கல்வெட்டுக் குறிப்புகள் இருக்கும் ஃபோல்டரிலேயே ஒரு நகல் வையுங்கள், மேலே இரண்டு வரியில் எந்த எழுத்துரு எதற்கு என்று தமிழில் எழுதிவையுங்கள். பின்னால் எடுத்துப் பார்ப்பவருக்கு அது வேண்டும்.


ஈமேக்ஸ்_எஜிபுரா | வியாழன், காலை 6:50

கல்லெண் முறையை ஈமேக்ஸிலும் செய்து பார்த்தேன், நடக்கிறது. ‘செட்-ஃபான்ட்செட்-ஃபான்ட்’ கட்டளை வரிவடிவத்தின் பெயருக்குப் பதிலாக எழுத்து எல்லையையும் ஏற்கும். குறியீட்டு எண்கூடத் தேட வேண்டாம், கேள்விக்குறி போட்டு ‘௦’, நடுவில் புள்ளி, திரும்பக் கேள்விக்குறி போட்டு ‘௲’ என்று எழுத்தையே கொடுக்கலாம். தமிழுக்கான வரியை முதலில் எழுதி, எண்ணுக்கான வரியை அதற்குக் கீழே எழுதுங்கள். வரிசை மாறினால் பொது விதி எண்ணையும் விழுங்கிவிடும்.


அல்சூர்_ஏரிக்கரை | வியாழன், இரவு 10:10

என் ஸ்னிப்பெட் இப்போது ஒரு திரைக்குள் அடங்குகிறது, நோட்பேட் நண்பர் சொன்ன எல்லைக்குள். முக்த மலர் 93 சதவீதம், எண்ணுக்கு நோட்டோ செரிஃப், எழுத்தின் அளவு 18, வரி உயரம் 1.8, உரை #222222, சாய்வுக்குப் பதில் செங்காவி நிறம். எந்தத் தீமும் போடவில்லை, ஆப்ஸிடியனோடு வருவதே போதுமாக இருக்கிறது. டொம்ளூர்க் குறிப்பை அச்சுக்கு ஏற்றுமதி செய்தபோது சாய்வுக்கான நிறம் மட்டும் பிடிஎஃப்பில் வரவில்லை.


வரியுயரம் | வியாழன், இரவு 10:25

எழுதும் பக்கத்துக்கு ஒரு வகுப்புப் பெயர், படிக்கும் பக்கத்துக்கு இன்னொன்று. நீங்கள் எடிட்டருக்கான ‘சிஎம்-இஎம்’ வகுப்புக்கு மட்டும் நிறம் கொடுத்திருப்பீர்கள். பிடிஎஃப் படிக்கும் பக்கத்திலிருந்து உருவாவது. அதே விதியில் காற்புள்ளி போட்டு ‘இஎம்’ என்பதையும் சேர்த்துவிடுங்கள், இரண்டிலும் வரும்.